சார்பு இருக்கட்டும், சான்றும் இருக்கட்டும்

மாவட்டப் பதிப்புகளிலும் உள்ளூர் வார ஏடுகளிலும் பத்தி எழுதும் நண்பர்களுக்கு:

உங்கள் எழுத்தை நாள் தவறாமல் படிக்கிறவன் நான். கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் நாளிதழ்களை வாங்கி, முத்திரை குத்தி, மேசையில் போடுவது என் வேலைகளில் ஒன்று. ஐந்தாறு ஏடுகளின் மாவட்டப் பக்கங்களை ஒரே நேரத்தில் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. நகராட்சிக் கூட்டம் ஒன்றுதான் நடந்திருக்கும். ஒரு ஏட்டில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்திருப்பார்கள், இன்னொன்றில் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறியிருக்கும், மூன்றாவதில் கூட்டம் நடந்த சுவடே இருக்காது. செய்தியே இப்படி என்றால் கருத்து சொல்வதற்கென்றே ஒதுக்கிய பத்தியில் எவ்வளவு வேறுபாடு இருக்கும்! "இது ஆளுங்கட்சி பேப்பர், அது அவங்க பேப்பர்" என்று சொல்லிக்கொண்டேதான் வாசகர்கள் எடுத்துப் பிரிப்பார்கள். உங்கள் மேல் அவர்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு அதுதான். அதில் பாதியை மறுப்பதற்கும் மீதியை இன்னும் அழுத்திச் சொல்வதற்கும் இந்த மடலை எழுதுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் இல்லை. என் தகப்பனார் காமராஜர் காலத்துக் காங்கிரஸ்காரர். என் வாக்கு இரண்டு திராவிடக் கட்சிகளுக்கும் இடதுசாரிகளுக்கும் வெவ்வேறு தேர்தல்களில் போயிருக்கிறது. பத்திரிகைத் தொழிலில் எனக்கு உறவினர் யாரும் இல்லை, எந்த ஏட்டோடும் வழக்கோ பகையோ கிடையாது. உங்களிடம் இதே விவரங்களைக் கேட்கப் போகிறேன் என்பதால் முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் சாய்ந்து எழுதுவதே குற்றம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழில் இதழியலை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கொள்கைக்காகப் பேனா பிடித்தவர்கள். 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர். பெரியாரின் குடிஅரசு, பொதுவுடைமையரின் ஜனசக்தி, கருணாநிதியின் முரசொலி, மதுரையிலிருந்து வந்த தீக்கதிர் என்று எதை எடுத்தாலும் அது யாருடைய குரல் என்பதில் வாசகனுக்கு ஐயமே இருந்ததில்லை. தீக்கதிர் வாசிப்பவர் அது மார்க்சிஸ்ட் கட்சியின் ஏடு என்று தெரிந்தே வாங்குகிறார். அதில் வரும் ஒரு வாதத்தை எவ்வளவு தூரம் ஏற்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்கிறார். அங்கே ஏமாற்று இல்லை.

'நடுநிலை' என்று முகப்பில் போட்டுக்கொண்டு உள்ளே ஒரு தரப்புக்காக எழுதும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. அதுவும் மாவட்டப் பக்கத்தில் நடக்கும்போது அதன் விளைவு சென்னையிலும் டெல்லியிலும் இருந்து வரும் கட்டுரைகளின் விளைவைவிடக் கொடியது. பிரதமரையோ முதல்வரையோ பற்றி நடுப்பக்கத்தில் ஒருவர் கடுமையாக எழுதினால் அவர்களுக்குப் பதில் சொல்ல அமைச்சர்கள் இருக்கிறார்கள், தொலைக்காட்சிகள் இருக்கின்றன. நீங்கள் எழுதுவது மூன்று தெரு தள்ளிக் குடியிருப்பவரைப் பற்றி. நாளைக் காலை அவர் அதே ரேஷன் கடை வரிசையில், அதே பள்ளிக்கூட வாசலில், அதே மனிதர்களின் முகத்தில் விழிக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏட்டின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, வாரம் ஒருமுறை வரும் உள்ளூர்ப் பத்தியில் ஒரு பள்ளியின் சத்துணவு முட்டை பற்றி ஒரு துணுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு முட்டை குறைகிறது, குறைந்தது எங்கே போகிறது, அமைப்பாளரின் கொழுந்தன் ஒன்றிய வார்டுக்கு நிற்கப் போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று மூன்று கேள்விகள். அமைப்பாளரின் பெயர் அச்சாகவில்லை. பள்ளியின் பெயர் அச்சாகியிருந்தது. அந்தப் பள்ளிக்கு ஓர் அமைப்பாளர்தான்.

நடந்தது இதுதான். அந்த வாரம் முட்டை இரண்டு தவணையாக வந்தது, இரண்டாவது வண்டி தாமதித்தது. இருப்புப் பதிவேட்டில் வந்த தேதி, எண்ணிக்கை, தலைமை ஆசிரியரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அங்கே போய்க் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் விவரம் கிடைத்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாவிடமும் கேட்கவில்லை. விசாரணை நடந்தது, அவர் மேல் தவறில்லை என்று முடிந்தது. மறுப்பு வெளிவந்தது, தேர்தல் முடிந்து பொங்கலும் கழிந்த பிறகு, தங்கம் விலைக்குக் கீழே மூன்று வரியாக. இடைப்பட்ட நாளில் அவருடைய மகள் அந்தப் பழைய இதழைத் தேடி நூலகத்துக்கு வந்தாள். விளக்கக் கடிதத்தோடு இணைக்க நகல் வேண்டும் என்றாள். கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தப் பக்கத்தை எழுத்து வெளியே தெரியாதபடி மடித்து எடுத்துப் போனாள்.

கொழுந்தன் தேர்தலில் வென்றாரா தோற்றாரா என்பது இங்கே முக்கியமில்லை. அந்தத் துணுக்கை எழுதியவருக்கு எதிர்த்தரப்பு வேட்பாளரோடு இருந்த நெருக்கம் ஊரில் பலருக்குத் தெரியும், வாசகர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த நெருக்கம்கூட மன்னிக்கக் கூடியதுதான். பதிவேட்டைப் பார்க்காமல் எழுதியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை என்பது உங்களுக்குத் தெரியும். வாக்குச் சீட்டில் ஆட்டோவும் பூட்டு சாவியும்தான் இருக்கும். இன்னார் இன்ன கட்சியின் ஆள் என்ற அடையாளத்தை ஊருக்குச் சொல்வது பெரும்பாலும் உங்கள் பத்திதான். "மாண்புமிகுவின் ஆசி பெற்றவர்" என்று ஒருவருக்கும், "பணத்தோடு களமிறங்கியிருப்பவர்" என்று இன்னொருவருக்கும் நீங்கள் போடும் அடைமொழி அந்தச் சீட்டில் இல்லாத சின்னமாக வேலை செய்கிறது. அந்த அதிகாரம் உங்கள் கையில் இருப்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா என்று எனக்கு அடிக்கடி கவலை வரும்.

இந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? கொள்கைப் பற்றினால் வருவது குறைவு. பிழைப்பினால் வருவதே அதிகம் என்பது நான் பல நிருபர்களோடு பேசிப் பார்த்ததில் தெரிந்தது. ஒன்றிய அளவில் வேலை செய்பவர் பகுதி நேர நிருபர். அவருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். தலைவரின் பிறந்த நாள் சிறப்பு மலர், அமைச்சர் வருகை, கும்பாபிஷேகம், பள்ளிச் சேர்க்கை என்று எல்லாவற்றுக்கும் வாழ்த்து விளம்பரம் கேட்டுப் போக வேண்டியவரும் அவரே. திங்களன்று எந்தக் கவுன்சிலரின் சாலை ஒப்பந்தத்தைப் பற்றி எழுத வேண்டுமோ, அவரிடமே புதன்கிழமை கால் பக்க விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். செய்தியாளர் சந்திப்பு முடிந்து வெளியே வரும்போது கைக்கு வரும் கவரைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை மத்திய அரசு 2011 நவம்பரில் அறிவித்தது, உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் அதை உறுதி செய்தது. அதனால் தன் கைக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வந்தது என்று நான் பேசிய பகுதி நேர நிருபர் ஒருவரும் சொன்னதில்லை. இதில் முதல் பழி நிர்வாகங்களுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்தியாளர் என்பவர் நிருபரைவிடச் சற்றே உயர்ந்த இடத்தில் இருப்பவர். எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு, எழுத மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பணம் வாங்கிக்கொண்டு செய்தி போல விளம்பரத்தை வெளியிடும் வழக்கம் 2009 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுதும் பேசப்பட்டது. இந்தியப் பத்திரிகை கவுன்சில் அமைத்த துணைக்குழுவில் பரஞ்சய் குஹா தாகுர்தாவும் கே. சீனிவாச ரெட்டியும் ஏடுகளின் பெயரோடு விரிவான அறிக்கை கொடுத்தார்கள். கவுன்சில் 2010இல் அதன் சுருக்கத்தை மட்டும் ஏற்று வெளியிட்டது. மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே 2011இல் முழு அறிக்கை வெளியே வந்தது. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், இரண்டு இந்தி நாளேடுகளில் வந்த அத்தகைய 'செய்தி'க்கான செலவைத் தேர்தல் கணக்கில் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இந்த வகையில் நாட்டிலேயே பதவி இழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர். இன்று தேர்தல் காலத்தில் மாவட்டம்தோறும் ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கிறது, ஆட்சியர் அலுவலகத்தில் ஏடுகளை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள். ஆனால் இந்தக் கண்காணிப்பு எல்லாம் தேர்தல் நாள்களுக்குத்தான். ஒரு பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றலாமா, வாரச் சந்தை ஏலத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று பத்தியில் எழுதுகிறவருக்கு அந்த இடத்துக்குப் பக்கத்தில் மனை இருக்கிறதா, ஏலதாரர் அவருக்கு உறவா என்று தேர்தல் இல்லாத நாளில் எந்தக் குழுவும் கேட்பதில்லை.

மறுபக்கத்தையும் நான் மறக்கவில்லை. உள்ளூரில் எழுதுவது ஆபத்தான தொழில். 2007 மே 9ஆம் தேதி மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்பது குறித்து வெளியான ஒரு கருத்துக்கணிப்புக்காக. இறந்தவர்கள் மூவர். இருவர் கணினிப் பொறியாளர்கள், ஒருவர் காவலாளி. அந்தக் கணிப்பில் ஓர் எழுத்துகூட அவர்கள் எழுதியதில்லை. கீழமை நீதிமன்றம் 2009இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 மார்ச்சில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவதூறு வழக்குகளின் கதையும் உங்களுக்குத் தெரியும். அரசு வழக்கறிஞர்கள் ஆட்சியாளர்களின் விருப்பத்துக்கேற்ப அஞ்சலகம் போல வழக்குகளைத் தாக்கல் செய்யக் கூடாது என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் கண்டித்து, ஏடுகள் மீதிருந்த பல குற்றவியல் அவதூறு வழக்குகளை ரத்து செய்தது. இத்தகைய நெருக்கடியில் ஒருவர் பயந்து அடக்கி எழுதினால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பலமுள்ளவனிடம் அடங்கி, அந்தக் குறையைப் பலமற்றவர்களிடம் வீரம் காட்டித் தீர்த்துக்கொள்வதைத்தான் குறை சொல்கிறேன். மாவட்டச் செயலாளரைப் பற்றி எழுத அஞ்சுகிற பேனா, சத்துணவு அமைப்பாளரைப் பற்றி எழுத மட்டும் அஞ்சுவதில்லை.

சிலர் இதற்கெல்லாம் மருந்தாக இரு தரப்பையும் சம அளவில் திட்டுவது என்ற வழியைப் பிடித்திருக்கிறார்கள். ஆளுங்கட்சிக்கு ஒரு குட்டு வைத்தால் எதிர்க்கட்சிக்கும் ஒரு குட்டு. இதை நான் நேர்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்மாய்க் கரையை வெட்டி மண் எடுத்தவர் ஒருவர்தான் என்றால், "இரு தரப்பும் மாறி மாறிக் குற்றம் சாட்டுகின்றன" என்று எழுதுவது மண் எடுத்தவருக்குச் செய்யும் உதவி. போய்ப் பார்த்தால் கரை வெட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியும். நியாயம் என்பது அங்கே நேரில் போய்ப் பார்ப்பதுதான்.

அப்படிப் போய்ப் பார்த்து எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எந்தக் கட்சி என்று ஊரே அறியும், அவரும் மறைத்ததில்லை. பத்தியின் கீழேயே எழுதிவிடுவார். 2017இல் அரசு மறுபடி தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்று தூர்வாரப்பட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தின் பெயரில் வேலை. தூர்வாரிய ஆழம் போதாது என்று பேச்சு எழுந்தது. எதிர்க்கட்சிக்காரர் என்பதால் அவர் மறு வாரமே கொளுத்திப் போட்டிருக்கலாம். பொறுத்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அளவுப் புத்தகத்தின் நகலுக்கு மனு போட்டார். பதில் வரத் தாமதமானபோது மேல்முறையீடு செய்தார். அந்த நகலை எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை மேற்பார்வையாளர் ஒருவரோடு கரையில் இறங்கி அளந்து பார்த்தார். பிறகு சங்கத் தலைவரிடம் போய், "உங்க பக்கம் என்ன சொல்றீங்கண்ணே, அதையும் போடணும்" என்று கேட்டு எழுதிக்கொண்டார். வெளிவந்த பத்தியில் பாதி, புத்தகத்தில் இருந்த அளவும் கரையில் இருந்த அளவும். கால்வாசி, சங்கத் தலைவரின் பதில், வெட்டாமல். அவருடைய கருத்து கடைசியில் சில வரிகள்தான். கடுமையான வரிகள்தான். ஆனால் மாற்றுக் கட்சிக்காரர்களும் அந்தப் பக்கத்தை நூலகத்தில் நின்று கடைசிவரை படித்தார்கள். அவர் சொன்ன முடிவை ஏற்காதவர்கள்கூட அவர் சொன்ன அளவை மறுக்கவில்லை. சார்பை விட்டுவிடச் சொல்லவில்லை நான், சான்றோடு வாருங்கள் என்கிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த மாதிரி இதுதான்.

விதிகள் புதிதாக வேண்டியதில்லை. பத்திரிகை கவுன்சில் வகுத்த நடத்தை நெறிகளில் எல்லாம் இருக்கிறது. வெளியிடும் முன் சரிபார்த்தல், சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்டல், தகவலையும் கருத்தையும் கலக்காதிருத்தல், பிழை நேர்ந்தால் தாமதமின்றிப் பார்வையில் படும்படி திருத்தம் வெளியிடல். ஆனால் கவுன்சிலுக்குப் பல் இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. நாளேட்டில் வந்ததைப் பற்றிய புகாரை முதலில் ஆசிரியருக்கு எழுதி, பிறகு, வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் டெல்லிக்கு அனுப்ப வேண்டும். பழைய இதழின் நகலுக்கே நூலகம் தேடி வந்த ஒரு குடும்பத்துக்கு டெல்லி மிகவும் தூரம். ஆகவே திருத்தம் உள்ளூரிலேயே நடக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் தி இந்து ஆங்கில நாளேடு 2006இல் வாசகர்களுக்கான ஆசிரியர் என்று தனியாக ஒருவரை அமர்த்தியது. பிழைதிருத்தத்துக்கென்று நிலையான இடமும் ஒதுக்கியது. அவ்வளவு பெரிய ஏற்பாடு ஒரு மாவட்டப் பதிப்பால் முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் பத்திக்குள்ளேயே, அதே இடத்தில், அதே எழுத்து அளவில், "சென்ற வாரம் எழுதியதில் இது தவறு" என்று நான்கு வரி எழுத நிர்வாகத்தின் பணம் வேண்டியதில்லை. தங்கம் விலைக்குக் கீழே அதைத் தள்ளிவிடும் பக்க வடிவமைப்பாளரிடம் போராட வேண்டிவந்தால் போராடுங்கள். வாசகர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

இன்னொன்று, பெயர் போடாமல் ஆளைக் காட்டுவதை நிறுத்துங்கள். "விவரம் அறிந்த வட்டாரங்கள்" சொன்னதாக வரும் துணுக்குகளில் பாதிக்கு மேல் எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் கைபேசியில் சொன்னது என்பதை உங்களில் சிலரே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஊழலை வெளியே சொல்லும் அரசு ஊழியரின் பெயரைக் காக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் காக்கப்பட வேண்டியவர் அவர் மட்டும்தான். போட்டி வேட்பாளரின் தம்பியின் பெயரைக் காக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு என்ன?

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் தெருவிளக்கையும் குடிநீர் மோட்டாரையும் பற்றிக் கேள்வி கேட்க ஊராட்சி மன்றக் கூட்டமும் இல்லை, மன்றத் தீர்மானமும் இல்லை. அங்கே கேள்வி எழும் ஒரே இடம் உங்கள் பத்தியாக இருக்கக்கூடும். தேர்தல் வரும்போது முதலில் தேடிப் படிக்கப்படுவதும் அதுவே. அந்த இடத்தை யாராவது விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று வாசகர்கள் நினைத்துவிட்டால், நீங்கள் எழுதும் உண்மையையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்கள்.

1956ஆம் ஆண்டின் பதிவு விதிகளின்படி, பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் ஏடுகள் 'படிவம் 4' என்ற அறிவிப்பைப் பல பத்தாண்டுகள் அச்சிட்டு வந்தன. உரிமையாளர் யார், அச்சிடுபவர் யார், ஆசிரியர் யார், மொத்த மூலதனத்தில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்ற விவரம் அதில் இருக்கும். நூலகத்தில் அதைத் தனியே வெட்டிக் கோப்பில் வைப்பேன். பத்தியாளரைப் பற்றிய விவரம் அதில் இருந்ததில்லை. சட்டம் கேட்கவில்லை என்பதால் நீங்களும் சொல்ல வேண்டாம் என்பதில்லை. வருகிற மார்ச் முதல் இதழில் உங்கள் பத்தியின் கீழே நீங்களே எழுதுங்கள்: எந்தக் கட்சியிலாவது உறுப்பினரா, உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ உள்ளாட்சி ஒப்பந்தமோ ஏலமோ உண்டா, வேட்பாளராக யாராவது நிற்கிறார்களா, இந்த ஏட்டுக்கு நீங்கள் விளம்பரமும் பிடித்துத் தருகிறீர்களா. ஐந்து வரி போதும். ஒருவர் எழுதினால் அடுத்தவரிடம் வாசகர்களே கேட்கத் தொடங்குவார்கள். முதலில் எழுதுகிறவரின் பத்தியை எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் நானே எடுத்து வாசிக்கிறேன், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.